ஒரே ஒரு கோரிக்கைதான் எழுதலாம் என்றால் எதை எழுதுவது?

பாளையங்கோட்டையில் பழைய மாணவர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுமாகப் பதினைந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். யார் வீட்டுப் பிள்ளைக்கு எங்கே இடம் கிடைத்தது, யாருக்கு முழங்கால் வலி, பெரும்பாலும் இதுதான் பேச்சு. போன தடவை அப்படி இல்லை. தேர்தலில் நிற்கிறவர்கள் எல்லாரிடமும் நம் பக்கத்து உயர்கல்வியைப் பற்றி ஒரு மனு கொடுப்போம், இருபது கோரிக்கை எழுதினால் ஒருத்தரும் படிக்கமாட்டார்கள், ஒன்றே ஒன்றை எழுதுவோம் என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சரி என்றோம். எந்த ஒன்று என்பதில்தான் சிக்கல். நாலு யோசனை வந்தது, நாலுக்கும் ஆள் இருந்தது, முடிவு இல்லாமலே கலைந்தோம். அடுத்த கூட்டத்துக்குள் நாலையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வரும் வேலை எனக்கு வந்தது. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 1991 முதல் 2024 வரை வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கும் ஒரு பக்கம் சாய்வு உண்டு, எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

நாலு யோசனை இவை. தென்காசி மாவட்டத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் கேட்பது. மாணவர்கள் கையில் நேராகப் போய்ச் சேரும் உதவித்தொகையைக் கூட்டச் சொல்வது. பெயர் பெற்ற பழைய கல்லூரிகள் தாங்களே பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ள வழிவிடச் சொல்வது. காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்பி, பல்கலைக்கழகத்துக்கு நிலையான மானியம் கேட்பது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் அன்றைக்கு நாங்கள் சண்டை போட்டதில் பாதி அதனால்தான். ஒருத்தர் தரவரிசையைச் சொன்னார். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் போடும்போது, பெண்கள், ஏழைகள், வெளிமாநிலப் பிள்ளைகள் எவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்பது அடங்கிய பகுதிக்கு நூற்றில் பத்துதான். கடையத்திலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வரும் பிள்ளைகளை வைத்துத்தான் எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் ஓடுகின்றன. அந்தப் பத்து மதிப்பெண்ணுக்குள் அவை செய்கிற வேலை முழுதும் அடங்காது. அதற்காகத் தரவரிசை பொய் என்று சொல்லவில்லை, நம் கேள்விக்கு அது போதாது, அவ்வளவுதான். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் நாலு கேள்வி. யார் உள்ளே வருகிறார்கள்? வந்தவர்களுக்கு வகுப்பறையில் என்ன கிடைக்கிறது? தேர்வு முடிவும் சான்றிதழும் சொன்ன நாளில் வருகிறதா? நம் ஆற்றையும் கடலையும் மலையையும் பற்றி இங்கே யாராவது ஆராய்கிறார்களா?

முதல் கேள்விக்குத் தமிழ்நாடு நல்ல பதிலைச் சொல்லியிருக்கிறது. 2021-22 கணக்கின்படி கல்லூரி வயதில் இருப்பவர்களில் இங்கே சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47, நாடு முழுக்கப் பார்த்தால் 28.4. 2035க்குள் 50ஐ எட்டவேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை குறிவைத்திருக்கிறது, நாம் அதன் பக்கத்தில் எப்போதோ வந்துவிட்டோம். தானாக வந்ததில்லை இது. பள்ளியில் சாப்பாடு, பஸ் பாஸ், 69 விழுக்காடு இடஒதுக்கீடு, 2007இலிருந்து பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது என்ற முடிவு என்று ஒவ்வொன்றும் அடுத்தடுத்த ஆட்சிகள் எடுத்த கொள்கை முடிவு. அரசு ஒன்றை நினைத்து விடாமல் பிடித்துக்கொண்டால் இருபது முப்பது வருஷத்தில் ஒரு சமூகத்தையே மாற்றலாம் என்பதை நாங்கள் வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அதனால்தான் மீதி மூன்று கேள்விக்கு அதே பிடிவாதத்தைக் காட்டவில்லையே என்ற ஆதங்கம்.

சரி, தென்காசிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் வந்துவிட்டது, கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது, பல்கலைக்கழகமும் வரட்டுமே என்பது ஆலங்குளத்திலிருந்து வரும் அண்ணாச்சியின் வாதம். அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பிரித்ததால் பலன் அடைந்தவர்கள் நாங்கள். எங்கள் பழைய கல்லூரிகள் மூன்று பல்கலைக்கழகங்களைப் பார்த்தவை: 1966 வரை சென்னை, அப்புறம் மதுரை, 1990 செப்டம்பரிலிருந்து அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார். மார்க் ஷீட்டில் அப்பா பெயரில் ஒரு எழுத்துத் தப்பு என்றால் நாகர்கோவில் பையன் மதுரைக்குப் பஸ் ஏறவேண்டிய காலம் அது. பல்கலைக்கழகம் டவுனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வந்தபிறகு காலையில் போய் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஆனது. ஆழ்வார்குறிச்சியில் மலையடிவாரத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், குமரிக் கடலோரம் ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம் இரண்டும் இந்தப் பல்கலைக்கழகம் இங்கே இருப்பதால் வந்தவை. மதுரையோடு இருந்திருந்தால் இவற்றுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் பிரித்ததில் இன்னொரு கதையும் இதே ஊரில் நடந்தது. 2007இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துக் கோவை, திருச்சி, திருநெல்வேலியில் தனித்தனிப் பல்கலைக்கழகம் வைத்தார்கள், பின்னால் மதுரையும் சேர்ந்தது. 2011இல் ஆட்சி மாறியது, திரும்பச் சேர்க்கச் சட்டம் வந்தது, 2012இல் எல்லாம் மறுபடி சென்னையோடு போய்விட்டது. ஐந்து வருஷம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வருஷம் என்பது, பாடத்திட்டம் ஒரு சுற்று வந்து, முதல் தொகுப்பு மாணவர்கள் வெளியே போய், அவர்கள் வேலையில் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிவதற்குள் முடிந்துபோகிற காலம். அந்த இடைப்பட்ட வருஷங்களில் பட்டம் வாங்கியவர்கள் கையில், இன்று இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சான்றிதழ் இருக்கிறது. பிரித்தது தப்பா சேர்த்தது தப்பா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் இரண்டையும் செய்ததுதான் பெரிய தப்பு என்பேன்.

1990இல் நடந்தது நிலைத்ததற்கும் 2007இல் நடந்தது நிலைக்காததற்கும் ஆட்சி மாற்றம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன், பணமும் ஒரு காரணம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எதில் பிழைக்கின்றன என்று வெளியில் பலருக்குத் தெரியாது. அரசு மானியம் ஒரு பங்கு. மீதி இணைப்புக் கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், பிள்ளைகள் கட்டும் தேர்வுக் கட்டணம், அப்புறம் தொலைநிலைக் கல்வி வருமானம். பிரித்தால் கட்டணம் கட்டும் கல்லூரிகள் இரண்டாகப் பிரியும். துணைவேந்தர், பதிவாளர், தேர்வாணையர், நிதி அலுவலர், அவரவர்க்கு அலுவலகம், வண்டி, இதெல்லாம் பாதியாகாது, இரண்டு மடங்காகும். கர்நாடகத்தில் மாவட்டத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் புதுப் பல்கலைக்கழகங்களைத் திறந்துவிட்டு, 2025 பிப்ரவரியில் அவற்றில் ஒன்பதை மூடிவிடலாம் என்று அமைச்சரவைத் துணைக்குழுவே பரிந்துரை செய்யும் நிலைமை வந்தது. டென்மார்க் நேரெதிராகப் போனது, 2007இல் 12 பல்கலைக்கழகங்களைச் சேர்த்து 8 ஆக்கினார்கள். டென்மார்க்கைப் பார்த்து நாமும் சேர்க்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அங்கே சான்றிதழ் திருத்த யாரும் எட்டு மணி நேரம் பஸ்ஸில் போவதில்லை. எண்ணிக்கையைக் கூட்டினால் தரம் தானாகக் கூடும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணாச்சி அன்றைக்குக் கடைசியாகச் சொன்னது மனசில் நிற்கிறது. "அக்கா, எங்க ஊர்ப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வேண்டாம்னா விட்டுருங்க, அபிஷேகப்பட்டிக்குப் போகாம வேலை முடியணும், அதுக்கு ஒரு வழி சொல்லுங்க." அதற்கு வழி இருக்கிறது. சான்றிதழ், மறுகூட்டல், இடமாற்றம் இவற்றையெல்லாம் தென்காசியிலேயே ஓர் அலுவலகம் வைத்து முடித்துக்கொடுக்கலாம், அதற்கு ஒரு துணைவேந்தர் தேவையில்லை.

அடுத்தது உதவித்தொகை. இதைப் பேசும்போது என் மனசு இளகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். பின்னால் 2024இல் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அதை நீட்டினார்கள், அந்த வருஷம் ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் வந்தது. முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பாவுக்குக் கேரளாவில் கட்டட வேலை. லேபில் ஒரு நாள் கண்ணாடிக் குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இந்த ஆயிரம் வரலேன்னா மூணாவது செமஸ்டரோட நிப்பாட்டிருப்பாங்க மேடம். இப்ப நான் வீட்டுல காசு கேக்கிறதில்லைல்லா, அதனால என்னையும் யாரும் ஒண்ணும் கேக்கிறதில்லை." அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் மட்டும் ஆகவில்லை, வீட்டுக்குள் அவள் பேச்சுக்கு ஒரு இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் இதையே கேட்டுவிடலாமே? முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்த வகுப்பில் என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும். நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் பதினோரு பேர். நான் ஓய்வு பெற்ற அன்று நாலு பேர், என்னையும் சேர்த்து. மீதி எல்லாம் நிர்வாகம் கொடுக்கும் சம்பளத்தில் வருஷா வருஷம் மாறும் இளம் ஆசிரியர்கள், நல்ல பிள்ளைகள், ஆனால் அடுத்த ஜூனில் இருப்போமா என்று தெரியாமல் பாடம் நடத்துகிறவர்கள். கரிம வேதியியல் செய்முறைக்கு ஒரு பேட்சுக்கு ஒருத்தர் நிற்கவேண்டிய இடத்தில் மூன்று பேட்சுக்கு ஒருத்தர் நின்றார். முக்கூடல் பிள்ளையை அரசு கல்லூரி வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது, வாசலுக்கு உள்ளே அவளுக்காக நின்றவர்களைக் குறைத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. மாணவர் வழியாகப் போகும் பணம் எந்தக் கல்லூரியை வளர்க்கிறது என்பது நம் கையில் இருப்பதில்லை. 2010இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது, குடும்பத்தில் முதல் ஆளாகத் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளையின் படிப்புக் கட்டணத்தை அரசு ஏற்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் முதல் இஞ்சினியர் வந்தது அதனால்தான், அதை ஒருத்தரும் மறுக்கக்கூடாது. கூடவே அந்தக் கட்டணத்தை நம்பிச் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் பெருகின, மாநிலத்தில் 500ஐத் தாண்டியது, பிறகு இடங்கள் நிரம்பாமல் பல மூடின. இடைப்பட்ட காலத்தில் அரசுக் கல்லூரியில் ஒரு புது ஆய்வகத்துக்கோ ஒரு நிரந்தர இடத்துக்கோ அந்தப் பணம் போகவில்லை. உதவித்தொகை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அதை எந்தக் கட்சி வந்தாலும் இனிமேல் நிறுத்த முடியாது என்று நினைக்கிறேன், கேட்காமலே நிற்கக்கூடிய ஒன்றுக்கு நம் ஒரே கோரிக்கையைச் செலவழிக்க வேண்டுமா என்பதுதான் என் தயக்கம்.

மூன்றாவது, பழைய கல்லூரிகள் பல்கலைக்கழகமாவது. இதைச் சொன்னவர் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம், 1895இல் பெண்களுக்கென்று சாரா டக்கர் கல்லூரி, 1923இல் சேவியர் கல்லூரி என்று நூற்றாண்டு கண்ட இடங்கள், இவை இன்னும் ஏன் வேறொருவர் அச்சடிக்கும் பட்டத்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தன்னாட்சித் திட்டம் 1978இல் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு முன்னால் போன மாநிலம் நம்முடையது, தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் பாடத்திட்டத்தை அந்த ஆசிரியர்களே எழுதுகிறார்கள், வினாத்தாளை அவர்களே எடுக்கிறார்கள், ரிசல்ட் சொன்ன நாளில் வருகிறது. என் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு எதிலும் இல்லை. நூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே நாளில் ஒரே வினாத்தாள் அனுப்பி, அத்தனை விடைத்தாளையும் ஓர் இடத்தில் குவித்துத் திருத்தும் பழைய முறை எவ்வளவு பாரமானது என்று முகாமில் உட்கார்ந்து திருத்தியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தன்னாட்சி வேறு, தனியார் பல்கலைக்கழகம் வேறு. தன்னாட்சிக் கல்லூரியில் அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் இருப்பார், அரசு நிர்ணயித்த கட்டணம் இருக்கும், இடஒதுக்கீடு இருக்கும், 1976இன் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அவருக்கு ஒரு பாதுகாப்பு. பல்கலைக்கழகமாக மாறிவிட்டால் இதில் எது மிஞ்சும் என்பதுதான் 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த கேள்வி. இருக்கிற கல்லூரிகளே பல்கலைக்கழகமாக மாற வழிசெய்தது அது. ஆசிரியர் சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததும் மறுபடி பரிசீலிப்பதாக அரசு சொன்னது. என் பயம் எளிமையானது. உதவி பெறும் பிரிவில் பி.எஸ்சி. படிக்கும் பிள்ளை வருஷத்துக்குக் கட்டும் பணத்தையும், அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவில் படிக்கும் பிள்ளை கட்டும் பணத்தையும் நான் முப்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். முதல் வகைப் பிள்ளை சுயநிதிப் பிரிவுக் கட்டணத்தைக் கேட்டால் திரும்பிப் போய்விடுவாள். மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் வாங்கப்போய் முதல் கேள்வியைத் தொலைக்க எனக்குச் சம்மதமில்லை. தன்னாட்சியை இன்னும் பரவலாக்குங்கள் என்றால் உடனே கையெழுத்துப் போடுவேன்.

நாலாவதில்தான் என் சாய்வு. அதனால் அதை மற்ற மூன்றையும்விடக் கடுமையாகவே சோதித்துப் பார்த்தேன்.

ஆசிரியர் இடங்கள் ஏன் நிரம்பவில்லை என்றால் ஒரே காரணம் இல்லை, சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்திருக்கிறது. கல்லூரியில் பாடம் நடத்தத் தகுதியாக தேசிய அளவிலான நெட் தேர்வு அல்லது மாநில அளவிலான செட் தேர்வு வேண்டும், இல்லாவிட்டால் முனைவர் பட்டம். தமிழ்நாட்டில் செட் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அடுத்தது எப்போது? 2025 மார்ச்சில். நடுவில் ஏழு வருஷம். எம்.எஸ்சி. முடித்து வந்த ஏழு தொகுப்புப் பிள்ளைகளுக்கு, தமிழில் கேள்வி பார்த்து எழுதக்கூடிய, நம் மாநிலத்துக்கென்றே உள்ள அந்த வாசல் மூடிக் கிடந்தது. அடுத்த கண்ணி, அரசு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. 2024 மார்ச்சில் அரசு கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களுக்கான அறிவிப்பு வந்தது, அந்த ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அதுவரை யார் பாடம் நடத்துவது? கௌரவ விரிவுரையாளர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019இல் அவர்களுக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்றது, நம் அரசுக் கல்லூரிகளில் கொடுப்பது 25,000, அதுவும் வருஷத்தில் 11 மாதம். என்னிடம் படித்து முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் பதினாலு வருஷமாக அப்படித்தான் இருக்கிறார். மே மாதம் அவர் என்ன செய்வார் என்று நான் கேட்பதில்லை, அவர் சொல்வதும் இல்லை.

இதற்கு நடுவில் புதுக் கல்லூரி திறப்பது மட்டும் நிற்பதில்லை. எங்கள் பக்கத்தில் பல்கலைக்கழகமே பணகுடி, புளியங்குடி, சங்கரன்கோவில் என்று உறுப்புக் கல்லூரிகள் திறந்தது. 2025இலும் மாநிலத்தில் பத்துக்கு மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் புதிதாக வந்தன. பக்கத்தில் கல்லூரி இருந்தால்தான் பெண்பிள்ளையை அனுப்புவார்கள், ஆகவே அதை நான் குறைசொல்லமாட்டேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குளத்தை வைத்துச் சொன்னால் புரியும். மருதூர் அணைக்கட்டுக்குக் கீழே கடைமடைக் குளத்தில் வண்டல் மேடிட்டுத் தண்ணீர் நிற்கமாட்டேன் என்கிறது, நாம் மேலே புதுக் கால்வாய் வெட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டடம் வருஷத்தில் எழும்பிவிடும், ஒரு துறையில் ஆராய்ச்சி வழிகாட்டி ஒருத்தர் உருவாகப் பதினைந்து வருஷம் ஆகும். அவர் ஓய்வு பெறும்போது பக்கத்தில் கற்றுக்கொள்ள ஓர் இளம் ஆசிரியர் நிரந்தரமாக இல்லையென்றால் அந்த ஆராய்ச்சி அதோடு முடிந்தது. எங்கள் துறையில் அப்படி முடிந்துபோன ஆய்வுகளை நான் விரல்விட்டு எண்ணுவேன்.

இனி மானியம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: கல்வி நிறுவனத்தின் மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருந்தால்தான் அது அரசால் பெருமளவு நிதி பெறும் நிறுவனம் என்ற கணக்கில் தானாக வரிவிலக்கு பெறும். 1857இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மானியம் பாதிக்குக் கீழே போனதால் 424 கோடி ரூபாய் வரி கட்டச் சொல்லி, 2024 தொடக்கத்தில் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். மதுரை காமராசரில் ஆசிரியர்களும் ஊழியர்களும் சம்பளத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் மாதக்கணக்கில் போராடினார்கள். தொலைநிலைக் கல்வியில் வந்த வருமானத்தை நம்பி ஓட்டிய காலம் 2017இல் யு.ஜி.சி. விதிகள் மாறியதும் முடிந்தது. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் நாலுக்கு 3.26 இருந்தால்தான் நடத்தலாம், எல்லை தாண்டக்கூடாது என்றார்கள். விதி தேவையாகவே இருந்திருக்கலாம், கண்ட இடத்திலெல்லாம் மையம் திறந்த காலம் அது. ஆனால் ஒரு வருமானத்தை அடைக்கும் அரசு அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவேண்டாமா? இங்கிலாந்திலும் இதே கதைதான். 2012இல் கட்டணத்தை 9,000 பவுண்டுக்கு ஏற்றி, மானியத்தைச் சுருக்கி, அப்புறம் பல வருஷம் அந்தக் கட்டணத்தை ஏறக்குறைய அப்படியே நிறுத்திவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் சாய்ந்தன, விசா விதி இறுகியதும் ஆள்குறைப்பு தொடங்கியது.

வெறும் பணத்தைக் கொடுத்தால் போதுமா என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார், சரியான கேள்வி. ஃபிலிப் அகியோனும் கரோலின் ஹாக்ஸ்பியும் இன்னும் மூவரும் 2010இல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களையும் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களையும் வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். தன் வரவுசெலவைத் தானே தீர்மானிக்கவும் தன் ஆசிரியரைத் தானே தேர்ந்தெடுக்கவும் உரிமை இருந்து, ஆராய்ச்சிப் பணத்துக்கு மற்றவர்களோடு போட்டியிடவும் வேண்டியிருந்த இடங்களில், கூடுதலாகக் கொடுத்த பணம் அதிகப் பலன் தந்தது. உரிமையும் போட்டியும் இல்லாத இடத்தில் அவ்வளவு தரவில்லை. ஆகவே நம் கோரிக்கையில் இடங்களை நிரப்புங்கள் என்பதோடு நிறுத்தினால் அரைக் கோரிக்கைதான்.

உரிமை என்றதும் ஒரு சங்கடத்தைச் சொல்லியாகவேண்டும். உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. அந்த இடங்களுக்குப் பணம் கைமாறும் என்பது எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பேசும் விஷயம். எல்லா நிர்வாகமும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஒரு பைசா கேட்காமல் என்னை எடுத்தார்கள். ஆனால் இடம் நிரப்ப அனுமதி கொடுங்கள் என்று மட்டும் கேட்டால், தகுதியான ஏழைப் பிள்ளைக்கு அது கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. விளம்பரம், மதிப்பெண், நேர்காணல் மதிப்பெண், தேர்வானவர் விவரம் எல்லாம் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும், அதைச் செய்யும் கல்லூரிக்கு அனுமதி தானாகக் கிடைக்கவேண்டும் என்று சேர்த்துக் கேட்டால்தான் நாலாவது யோசனை நிற்கும். இதை எழுதச் சில நண்பர்களுக்குத் தயக்கம் இருக்கும். எழுதியே ஆகவேண்டும் என்பது என் எண்ணம்.

துணைவேந்தர் நியமனத்தை ஏன் கேட்கவில்லை என்று ஒரு தம்பி போனில் கேட்டான். முக்கியமான விஷயம்தான், துணைவேந்தர் இல்லாமல் குழு வைத்து ஓடும் பல்கலைக்கழகத்தில் எந்தக் கோப்பும் நகராது. ஆனால் துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்பதில் 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மே 21இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை என்று அது நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு. நம் சட்டமன்ற உறுப்பினர் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்போம்.

ஆகவே நான் எழுதிக்கொண்டு வரும் வாசகம் இது: "திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்களை வெளிப்படையான தேர்வு மூலம் மூன்று ஆண்டுக்குள் நிரப்பவும், செட் தேர்வை ஆண்டுதோறும் நடத்தவும், பல்கலைக்கழகத்தின் சம்பளம், ஓய்வூதியம் முழுவதையும் அரசு மானியத்திலிருந்து ஆண்டுத் தொடக்கத்திலேயே வழங்கவும் வேண்டும்." ஒரே கோரிக்கை என்று சொல்லிவிட்டு மூன்றைக் கோத்துவிட்டீர்கள் என்று சொல்வீர்கள். மூன்றும் ஒரே ஆளைப் பற்றியது, வகுப்பில் நிற்கும் ஆசிரியரைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒவ்வொருத்தரும் தான் படித்த துறையில் இன்று எத்தனை நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்கள், தான் படித்தபோது எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், மனுவோடு அந்தத் தாளையும் வைப்போம். ஆலங்குளத்து அண்ணாச்சிக்காகத் தென்காசிச் சான்றிதழ் அலுவலகத்தையும் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அதை எடுக்கச் சொன்னால் நான் சம்மதிக்கமாட்டேன்.